பால் லொறியின் சாமி விளக்கு

இப்போது ரோட்டில் ஓடுகிற த்ரீவீல்களைப் பார்க்கிறீர்கள்தானே? முன்னால் நீலம், பின்னால் சிவப்பு, சக்கரத்துக்குள்ளே ஊதா, கூரையைச் சுற்றி ஓடுகிற வெள்ளை. கல்யாண வீடு தோற்றுப்போகும். என் மருமகனும் ஒரு வேன் வாங்கினான். வாங்கிய கையோடு டயரைப் பார்த்தானோ இல்லையோ, லைட் மாட்டினான். மாட்டி ஒரு மாதம் ஆகவில்லை, இரண்டு தடவை காலையில் வேன் முக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

குருவிட்ட டவுனிலிருந்து வயர் வேலைக்காரர் ஒருவர் வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"லைட்ட எல்லாம் நேரா பேட்டரியில குடுத்திருக்கீங்க தம்பி. வண்டி நின்னாலும் அது குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். சாவியில இருந்து லைன் எடுக்கணும். சாவிய மூடினா லைட்டும் நிக்கணும். அது முடியாதுன்னா அந்தியில கழட்டி வச்சிரணும்."

நான் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கழட்டி வைக்கணும் என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே சொல்லை ஒரு சிங்கள பாஸ், அதுதான் வயர் வேலை மேஸ்திரி, சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு விட்டேனா என்றால், இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். நம் வயசுக்காரர்களுக்குத்தான் சொல்லலாம். சின்னதுகளிடம் சொன்னால், பக்கத்து வண்டியிலிருந்து வயர் போட்டு எழுப்பியிருக்கலாமே என்று கேட்கும். பக்கத்து வண்டி எங்கே இருந்தது, நமக்கல்லவா தெரியும்.

எனக்குப் பதினொரு வயது. எங்கள் தோட்டம் ரப்பர் தோட்டம். மொத்தத் தோட்டத்துக்கும் இரண்டு வண்டி. ஒன்று தோட்டத்து மேனேஜர் தொரையின் ஜீப். அதைத் தொட்டுப் பார்த்தவர்கூட எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிடையாது. மற்றது பால் லொறி. பால் என்றால் ரப்பர் பால். மலையிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஸ்டோரில் ஊற்றுவார்கள். திராவகம் விட்டு உறைய வைத்தால் ஒரு புளிச்ச நாற்றம் எழும்பும் பாருங்கள், அது உடுப்பில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது. எங்கள் ஒற்றை அறைக் காம்பரா, எங்கள் சோறு, எங்கள் தலைமுடி எல்லாம் அந்த நாற்றம்தான். இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழும்பிப் போவார்கள். எங்களுக்கு அது லாபம், கால் நீட்டி உட்காருவோம்.

அந்த ஸ்டோரில் சித்திக்கு வேலை. என் அம்மாவின் தங்கை. பால் உறைகிற தட்டுக் கழுவுவாள், கூட்டுவாள், அந்தியில் கதவைப் பூட்டுவாள். சித்தப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர், கொழும்பையே கட்டிக்கொண்டார். சித்திக்கு ஒரே மகள், ஆறு வயது. எனக்குத் தங்கச்சி. எங்கள் காம்பராவுக்கு அடுத்ததுதான் அவர்களுடையது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அவளும் நேராக ஸ்டோருக்குத்தான் ஓடுவோம். சித்தி வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கு பொதிந்து வைத்திருப்பாள். ஒட்டுப்பாலை நூலாக இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து தருவாள். அந்தப் பந்து தரையில் பட்டால் கூரைக்குப் போகும்.

லொறியை ஓட்டியவரை நாங்கள் லொறி மாமா என்போம். சொந்தம் ஒன்றும் இல்லை. அவர் பெண்சாதி லொறி மாமி. லயத்தில் ஆஸ்பத்திரி, பிரசவம், சாவு எதற்கும் அந்த லொறிதான் என்பதால் அவர்கள் இரண்டு பேருக்கும் எல்லாரும் மாப்பிள்ளை வீட்டு மரியாதை கொடுத்தார்கள். மாமி குழாயடிக்கு வந்தால் முன்னால் நிற்கிற குடம் தானாகப் பின்னால் போகும்.

அந்த வருஷம் வெசாக்குக்கு மாமா இரத்தினபுரியில் பந்தல் பார்த்துவிட்டு வந்தார். புத்தருக்கு அத்தனை பல்பு எரியும்போது நம்ம முருகன் இருட்டில் இருப்பதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. லொறியின் முன்கண்ணாடிக்கு மேலே இருந்த முருகன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகப் பத்து பல்பு மாட்ட டவுனிலிருந்து ஒரு பாஸைக் கூட்டிவந்தார். பாஸ் தங்கமான மனுஷன். சாவியை மூடினால் பல்பும் நிற்கிற மாதிரி வயர் கொடுப்பதாகச் சொன்னார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. சாமி விளக்கை லொறிச் சாவியாலே அணைக்கிறதா, அது இரவும் பகலும் எரியணும் என்று ஒரே பிடி. பாஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமா பீடி பற்ற வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

பாஸ் என்ன செய்வார்? படிக்குக் கீழே இருந்த பேட்டரிப் பெட்டிக்கு வயரை இழுத்து, நுனியில் பல்லுள்ள ஒரு கிளிப்பைப் போட்டுக் கவ்வ வைத்தார். ஸ்டோர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த சித்தியைக் கூப்பிட்டார். "அக்கே, ஹவஸட்ட மேக்க கலவன்ன." அந்தியில் இதைக் கழற்றிவிடுங்கள் என்று. கழற்றாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும், லொறி எழும்பாது என்று கையால் எல்லாம் காட்டி விளக்கினார். சித்திக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சரி என்று தலையாட்டினாள். நானும் தங்கச்சியும் பக்கத்தில்தான் நின்றோம்.

அன்றிலிருந்து சித்தி அந்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். யாரும் சம்பளம் தரவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. மாமா மூன்று மணிக்கு லொறியை ஸ்டோர் பக்கத்தில் விட்டுவிட்டுப் போவார். சித்தி ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளிப்பைக் கழற்றுவாள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் சேருமுன்னே வந்து மாட்டிவிடுவாள். மாமா வரும்போது முருகன் ஜெகஜோதியாக இருப்பார். மாமாவுக்குப் பெருமை பிடிபடாது.

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் பக்கத்தில் விளக்கை அணை என்று யாரும் சொல்லமாட்டார்கள். குளிர வை என்பார்கள், அமத்து என்பார்கள். திரி தானாக நின்றால் மலையேறிருச்சு என்பார்கள். அணைக்கிறது என்பது குடியைக் கெடுக்கிறவள் செய்கிற வேலை. சித்தி கிளிப்பைக் கழற்றும்போது ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்லுவாள். "சாமி மலையேறட்டும், பேட்டரி எறங்காம இருக்கட்டும்." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். தங்கச்சியும் சிரிப்பாள். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

மழை பிடித்தது. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது என்பது தெரிந்ததுதான். வேலை நாள் குறைந்தது. லொறி சும்மா நின்ற நாள்தான் அதிகம். அப்போது ஒரு பச்சை பல்பு போய்விட்டது. மாமா அதைக் கழற்றி எறிந்தார். சித்தி எடுத்துத் துடைத்தாள். கட்டைவிரல் அளவு இருக்கும். அசைத்தால் உள்ளே அறுந்த கம்பி கிணுகிணு என்று பேசும். வெயிலுக்கு நேரே பிடித்தால் உலகமே பாசி பிடித்த மாதிரி தெரியும். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்றால் அப்படி ஒரு வேண்டும். இன்றைக்கு யாராவது எனக்குக் காணி எழுதிக் கொடுத்தாலும் அந்த ஆசை வராது.

சித்தி அதைத் தங்கச்சி கையில் கொடுத்தாள். நான் கேட்டேன். சின்னப் புள்ளதானே, அவ வச்சுக்கட்டும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தங்கச்சி அதைக் காதில் வைத்துக்கொண்டு, ரேடியோ கேக்குறேன் என்று என் முன்னாலேயே நடந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆறு வயசுப் பிள்ளையிடம் பொறாமைப்பட்டேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று அந்தியில் குழாயடியில் லொறி மாமி தனியாக நின்றாள். நான் போய்ச் சொன்னேன்.

"மாமி, எங்க சித்தி தெனமும் சாமி வெளக்க அணைக்கிறா."

கழட்டுறா என்று சொல்லியிருக்கலாம். குளிர வைக்கிறா என்றிருக்கலாம். பாஸ் சொன்னதைச் சொல்லியிருக்கலாம், நான் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே? அணைக்கிறா என்ற சொல்லைத் தேடி எடுத்துத்தான் சொன்னேன். மாமியின் முகம் மாறியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் சித்தியைக் கூப்பிட்டார்கள். மாமி ஆடித் தீர்த்துவிட்டாள். புருஷன் போனவள் சாமி விளக்கில் கை வைத்தால் தோட்டம் விளங்குமா என்று கேட்டாள். சித்தி அழவில்லை. மாமாவிடம்தான் பேசினாள்.

"அண்ணே, பாஸ்தான் சொன்னாரு. கழட்டலேன்னா பேட்டரி எறங்கிருமாம். லொறி எழும்பாதாம்."

மாமா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இனி இவதான் எனக்கு லொறி படிச்சுக் குடுக்கப்போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். அக்கா தங்கச்சி பாசம் எல்லாம் லொறிக்காரனைப் பகைக்காத வரைக்கும்தான். அன்று சேற்றில், லொறிக்கு முன்னால், சித்தியை விழுந்து கும்பிட வைத்தார்கள். தேங்காய் உடைக்க வைத்தார்கள். தேங்காய் முதல் அடியில் உடையவில்லை, அதற்கும் ஒரு பேச்சு. அந்தியில் மாமா பேட்டரிப் பெட்டிக்குக் கொண்டியடித்துப் பூட்டுப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சித்தி பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பொசன் போயா, பௌர்ணமி லீவு. போயாவோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தது. மூன்று நாள் மழை விடவில்லை. மூன்று நாளும் லொறி ஸ்டோர்ப் பள்ளத்தில் நின்றது, முருகனைச் சுற்றி ஒன்பது பல்பும் எரிந்தது. ஜன்னலால் பார்த்தால் தூரத்தில் தெரியும். அழகாகத்தான் இருந்தது. தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமையே காய்ச்சல். திங்கட்கிழமை காலை, பெரட்டு அடிக்கிற நேரத்துக்கு வலிப்பு வந்துவிட்டது.

தோட்டத்து மருந்துக்காரர் ஐயா ஓடிவந்து பார்த்தார். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டுபோனால் பிள்ளை பிழைக்கும், நின்று பேசாதீர்கள் என்றார். தொரை லீவுக்குக் கொழும்பு போயிருந்தார், ஜீப்பும் அவரோடு. சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி லொறியில் ஏறி உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மாமா சாவியைத் திருகினார்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

திருகும்போது பல்பெல்லாம் செத்துப்போனது. விட்டால் சாம்பலுக்குள் கிடக்கிற நெருப்பு மாதிரி மங்கலாகச் சிவந்தது. திரும்பத் திருகினார், திரும்பச் செத்தது. சாமி கண்ண மூடிக்கிருச்சு என்று யாரோ சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து தள்ளினார்கள். பள்ளத்தில் நிற்கிற லொறி, முழங்காலளவு சேறு. நாலடி ஏறும், ஐந்தடி இறங்கும். சித்தி கீழே இறங்கவேயில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "அண்ணே, அந்தக் கிளிப்பக் கழட்டுங்க. கழட்டிட்டு ஒருக்கா அடிச்சுப் பாருங்க." அப்போது கழற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரிந்திருக்காது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

லொறி மாமி குடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கிட்டே வந்தாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீ சாமிய இருட்டுல வச்ச. இப்ப சாமி ஒன்ன வச்சிருக்கு."

பாஸ் சொன்னதை நானும் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல இன்னும் நேரம் இருந்தது. சொன்னால் லொறி எழும்பியிருக்காது, உண்மைதான். சித்தியின் பக்கத்தில் நிற்க அன்று ஒரு ஆளாவது இருந்திருக்கும். நான் தங்கச்சியின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் இறுகியிருந்தது. அதற்குள் பச்சை தெரிந்தது.

ஒரு மணித்தியாலம் தள்ளிய பிறகுதான் துப்பட்டியில் தொட்டில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கிப் போனார்கள். பஸ் ரோட்டுக்கு ஐந்து மைல். மூன்றாவது மைலில் திரும்பி வந்தார்கள். சித்தி முன்னால் நடந்துவந்தாள். அவள் நடையைப் பார்த்ததும் லயத்துக்கே தெரிந்துவிட்டது.

இனிச் சொல்வதைக் கேளுங்கள். அந்த வாரத்திலேயே பாஸ் வந்தார். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய் ஏற்றிக் கொண்டுவந்தார். மாமாவோடு ஒரு ஓரமாக நின்று தாழ்ந்த குரலில் பேசினார். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். அதன் பிறகு பூட்டு இல்லை, கிளிப்பும் இல்லை. மாமா சாவியை மூடினால் முருகனும் மலையேறினார், திருப்பினால் இறங்கி வந்தார். ஒரு ஆளாவது, ஏன் இப்போது சாமி விளக்கு அணைகிறது என்று கேட்க வேண்டுமே? மாமி எப்போதும் போல வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டினாள். சித்தியை மட்டும் கோயிலில் விளக்கைத் தொட விடவில்லை. பெற்ற பிள்ளையை விளக்கணைத்துத் தின்றவள் என்று அவளுக்கு ஒரு பெயர் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பெயர் லயத்தில் இன்னும் இருக்கிறது, சொன்னவர்கள்தான் போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சித்தி எங்கள் காம்பராவுக்கு வந்தாள். என்னைக் கூப்பிட்டாள். அந்தப் பச்சை பல்பை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். வச்சுக்க, நீதானே கேட்ட என்றாள். அம்மா அழுதுவிட்டாள். பெத்ததப் பறிகொடுத்துட்டும் அக்கா மக ஆசைய மறக்கல பாரு என்று பத்துப் பேரிடம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு அவர்களுக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லி வளர்த்தேன். எங்க சித்தி மாதிரி ஒரு மனசு யாருக்கு வரும் என்பேன்.

அந்த வயர் வேலைக்காரர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. சித்தி இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது, அதே லயம், அதே காம்பரா. போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். சித்தி, நீங்க செஞ்சதுதான் சரி, சாமி கோபமும் இல்லை ஒன்றும் இல்லை என்று. சாகுமுன்னே கிழவிக்கு ஒரு ஆறுதல், எனக்கும் ஒரு புண்ணியம். பிஸ்கட், ஹோர்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். என் திமிரைப் பாருங்கள்.

சித்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் மங்கல், காது நல்ல கூர்மை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நேராக பேட்டரியில் கொடுத்தால் குடித்துவிடும், பாஸ் சொன்னது சரி, நீங்கள் கழற்றியது சரி என்று. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டி" என்றாள்.

நான் ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"யாரு போய்ச் சொன்னாங்கன்னும் தெரியும். நான் கழட்டுறதப் பாத்தது நீங்க ரெண்டு பேருதான். என் புள்ள சொல்லியிருக்காது."

வெளியே யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பிஸ்கட் பெட்டியின் ஒட்டுத்தாளை உரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், அப்போ ஏன் சித்தி அந்த பல்ப எனக்குக் குடுத்தீங்க என்று கேட்டுவிட்டேன்.

"பாசத்துல குடுத்தேன்னு நெனச்சியா?" என்றாள். "என் புள்ள சாகும்போதும் அதக் கையில வச்சிருந்துச்சு. விரலப் பிரிச்சுத்தான் எடுத்தேன். நீ சாகுற வரைக்கும் ஒன் கையில இருக்கட்டும்னு குடுத்தேன். பாக்குற நேரமெல்லாம் ஒனக்கு எரியட்டும்னு."

பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இருக்குதா?"

இருக்குது சித்தி, பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன் என்றேன். அவள் தலையாட்டினாள். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அதைப் பார்த்த பிறகு வேறு எதைச் சொல்ல?

அந்த பல்பை நான் அந்த மாதமே பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன், ஏழு றம்புட்டான் பழத்துக்கு. மழையில் பழுத்த பழம். நல்ல இனிப்பாக இருந்தது.